காலாப்பட்டு தாண்டும் வரை படிக்க வேண்டியது

அன்புள்ள சேவியர்,

பஸ் கிளம்பிவிட்டதா? கிளம்பவில்லை என்றால் இதை மடித்து மறுபடியும் பையில் வை. கண்டக்டர் விசில் கொடுத்து, வண்டி ஸ்டாண்டை விட்டு வெளியே வந்த பிறகுதான் படிக்க ஆரம்பிக்க வேண்டும். இது அப்பாவின் உத்தரவு. உனக்கு நான் உத்தரவு போட்டு ரொம்ப நாளாகிறது, அதனால் இதையாவது கேட்பாய் என்று நம்புகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். சில வரிகள் மேட்டில் ஏறும், சில வரிகள் பள்ளத்தில் இறங்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு, நடுவில் சொல்கிறேன். இதை எழுதி முடிக்க எனக்குப் பதினெட்டு நாள் ஆனது. அதனால் மெதுவாகப் படி. உன் அம்மா அரை நாள் உட்கார்ந்து ஆய்ந்த நெத்திலியை ஒரே வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போகிற பழக்கம் உனக்கு உண்டு. இந்தக் கடிதத்திடம் அதைக் காட்டாதே.

முதலில் விஷயத்துக்கு வருகிறேன். நீ புதுச்சேரியிலிருந்து இரண்டு முறை சென்னை வேலைக்குத் திரும்பக் கிளம்பி, இரண்டு முறையும் ஊர் தாண்டியதும் வருகிற காலாப்பட்டில் இறங்கிவிட்டாய். நாளைக்குத் திங்கட்கிழமை. காலையில் நீ போய் உட்காரவில்லை என்றால் அந்த நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவோம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். தட்டாஞ்சாவடிப் பட்டறையில் கிரீஸ் துடைத்துக்கொண்டே மிஷின் படம் வரையக் கற்றுக்கொண்டு, அங்கிருந்து சென்னைக்குப் போய்க் கம்ப்யூட்டரில் வரைகிற அளவுக்கு வந்தவன் நீ. அந்த வேலை உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு பல்சக்கரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும் வரை பேசுவாய். அப்படிப்பட்டவனை ஒரு பஸ் ஸ்டாப் காலைப் பிடித்துக் கீழே இழுக்கிறது. இன்றைக்கு மூன்றாவது தடவை நீ அந்த ஸ்டாப்பைத் தாண்ட வேண்டும். இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

முதல் தடவை நீ போன் பண்ணியபோது நான் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தேன். "ப்பா, நெஞ்ச அடைக்குது, மூச்சு வுட முடியல, செத்துப்போயிடுவேன் போலக்குது, நீ வா" என்றாய். கழுவிய கையைத் துடைக்காமல் ஓடி வந்து பஸ் பிடித்தேன். காலாப்பட்டு வரும் வரை அந்த பஸ்ஸில் இருந்த எல்லாச் சாமிகளையும் கும்பிட்டேன். டிரைவருக்கு முன்னால் பிள்ளையார் இருந்தார், கண்ணாடியில் வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர் இருந்தது, ஒருவரையும் விடவில்லை. இறங்கிப் பார்த்தால் நீ ஸ்டாப் நிழலில் உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் மீன் கூடையோடு ஒரு அம்மா, தன் முந்தானையால் உனக்கு விசிறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"யோவ் பெரியவரே, இது ஒம் புள்ளையா? காலையில இருந்து ஒண்ணும் துன்னலையாம்யா! டப்பாவுல இன்னாத்தையோ ஊத்தி வெச்சிருக்கான், அத்தைக் குடிச்சிட்டு வந்திருக்கான். இந்த ஒடம்புக்கு சோறுன்னு ஒண்ணு இருக்குதுன்னு நீ சொல்லித் தரலையா?"

"எம் புள்ள கம்ப்யூட்டர்ல மிஷின் படம் வரையிறான்மா" என்றேன். அந்த நேரத்தில் எதற்காக அதைச் சொன்னேன் என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை.

"வரையட்டும். வரையிறவன் வாயில தையல் போட்டா வெச்சிருக்கான்?" என்றாள்.

உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்துவிட்டு இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். உனக்கு அதைக் கேட்டுச் சந்தோஷம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. "ஆபீஸ்ல இன்னான்னு சொல்றது? பயந்துட்டேன்னா சொல்றது?" என்றாய். அங்கேதான் நான் ஒரு தப்பு பண்ணினேன். மஞ்சள் காமாலை என்று சொல்லிவிடு என்றேன். மஞ்சள் காமாலை மரியாதையான வியாதி. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், ஒரு மாதம் லீவு கிடைக்கும். நான் யோசித்தது அவ்வளவுதான். புதுச்சேரியில் மஞ்சள் காமாலை என்று வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று யோசிக்கவில்லை.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு எதிர்வீட்டுச் சொல்தா வீட்டம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக்கொண்டு வந்து நின்றாள். அவள் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, சிப்பாயாக, இருந்தவர் என்பதால் அந்த வீட்டில் எல்லாமே நேரத்துக்கு நடக்கும். இன்னும் பல் விளக்கவில்லை என்று சொல்லி நீ தப்பிக்கப் பார்த்தாய், முடிந்ததா? உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, மீன் கூடாது, முட்டை கூடாது. உன் அம்மா பிலோமினாவுக்கு உண்மை தெரியும், ஆனால் அந்த அம்மா அடுப்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்ப்பதால் உப்பில்லாத கஞ்சியே காய்ச்ச வேண்டியதாகிவிட்டது. இல்லாத வியாதிக்குப் பத்து நாள் பத்தியம் இருந்தாய். இருந்த பயம் அப்படியே இருந்தது, அதோடு பசியும் சேர்ந்துகொண்டது. அந்த நிலைமையில் "சரியாயிடுச்சிப்பா, போறேன்" என்று கிளம்பினாய். மறுபடியும் காலாப்பட்டு. மறுபடியும் அதே மீன்கார அம்மா. "இன்னா கண்ணு, இங்கியே வூடு கட்டிக்கிறியா?" என்றாளாம்.

இங்கே கொஞ்சம் நிறுத்து. பஸ் இப்போது பெரிய சிக்னலைத் தாண்டியிருக்கும். பையில் மேலே வாழை இலையில் சுற்றியது இட்லி. அம்மா பொடி தடவி வைத்திருக்கிறாள், கை அழுக்காகாது. பூசைக்குப் போகிற அவசரத்தில் நீ இரண்டுதான் சாப்பிட்டிருப்பாய், எண்ணாமலே எனக்குத் தெரியும். இப்போது மூன்று சாப்பிடு. ஒவ்வொன்றாக மென்று சாப்பிடு. பிறகு தண்ணீர் குடி. கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்கு வா. ஏமாற்றாதே, இட்லி சாப்பிடாமல் அடுத்த பக்கத்துக்கு வந்தால் எனக்குத் தெரிந்துவிடும். எப்படி என்று கேட்காதே.

சாப்பிட்டாயா? சரி. இனி என் கதை. பெரிய மார்க்கெட்டில் நான் மூட்டை தூக்கிய காலம் உனக்கு ஓரளவு தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. அங்கே ஒரு வழக்கம். யார் கடைக்கு மூட்டை இறக்கினாலும் கூலியோடு ஒரு டீ சொல்வார்கள். கூலி கூலிக்கு, டீ மரியாதைக்கு. அந்த டீயை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால், "என்னா, எங்கூட்டு டீ எறங்காதா?" என்று அடுத்த மூட்டைக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். வெங்காயக் கடைக்கு ஒரு டீ, உருளைக்கிழங்குக் கடைக்கு ஒரு டீ, பூக்கடைக்காரர் மூட்டையே இல்லாமல் பாசத்தில் ஒரு டீ. காலையில் வெறும் வயிற்றில் ஆரம்பித்தால் மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து சோற்றைப் பார்க்கும் வரை வயிற்றில் டீயும் சர்க்கரையும் மட்டும்தான். எத்தனை டீ என்று நான் எண்ணியதில்லை. அந்த எண்ணிக்கை டீக்கடை காதர் பாய்க்குத்தான் தெரியும், அவரும் ரொம்ப நாள் என்னிடம் சொல்லவில்லை. சிநேகிதன் மனசு நோகக் கூடாது என்று இருந்திருக்கிறார்.

பதினொரு மணி வாக்கில் தினமும் எனக்கு ஒன்று வரும். நெஞ்சு திடுதிடுவென்று அடிக்கும். விரல் நடுங்கும். ஏதோ கெட்டது நடக்கப் போகிறது என்று தோன்றும். என்ன கெட்டது என்று தெரியாது, அதனால் நானே தேடிக் கண்டுபிடிப்பேன். மார்க்கெட் கூரை விழப்போகிறது என்று ஒரு நாள். உன்னைப் பள்ளிக்கூட வாசலில் நாய் கடித்துவிட்டது என்று ஒரு நாள். தலையில் இருக்கிற பூசணிக்காய் மூட்டை சரிந்து ஒரு கன்னியாஸ்திரி மேல் விழப்போகிறது என்று ஒரு நாள் முழுக்கப் பயந்தேன், அன்றைக்கு மார்க்கெட்டில் கன்னியாஸ்திரியே கிடையாது. ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு நேர்த்திக்கடன் வைத்தேன். வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன், மொட்டை போடுகிறேன், மெழுகுவர்த்தி என் உயரத்துக்கு ஏற்றுகிறேன். கடைசியில் நேர்த்திக்கடன்கள் சேர்ந்துபோய், எந்தச் சாமிக்கு எதை நேர்ந்தேன் என்று மறந்துவிட்டது. அதுவே தனியாக ஒரு பயமாகிவிட்டது. அதற்கும் பதினொரு மணிக்கு நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது.

நீ நாலாவது படிக்கும்போது, ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் வந்தது. எல்லாரும் கறியை விட்டார்கள், மீனை விட்டார்கள். உன் அம்மா என்னைப் பார்த்து, "கறி நாம எப்பவும் துன்றதில்ல, அத்த வுடுறது ஒரு தியாகமா? ஒனக்குப் புடிச்சத வுடுய்யா. டீயை வுடு பாப்போம்" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விபூதிப் புதன் அன்றைக்கு நெற்றியில் சாம்பலோடு மார்க்கெட்டுக்குப் போய், பெரிய வெள்ளி முடியும் வரைக்கும் எனக்கு டீ கிடையாது என்று அறிவித்தேன். சாமி காரியம் என்பதால் கடைக்காரர்களும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரே நாளில், ஒரு சொட்டு கூட இல்லாமல் நிறுத்தினேன்.

வியாழக்கிழமை தலைவலி. வெள்ளிக்கிழமை தலைக்குள் யாரோ தேங்காய் உடைத்தார்கள். உடம்பெல்லாம் வலி, வயிற்றைப் புரட்டியது, வாழ்க்கையில் எதுவுமே இல்லை என்று ஒரு துக்கம் வந்து மார்பில் உட்கார்ந்தது. கட்டிலில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. இதுதான் முடிவு என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. "பிலோமி, சாமியாரைக் கூப்பிடு. அவஸ்தை பூசச் சொல்லு" என்றேன். அவள் அழுதுகொண்டே ஓடினாள். கோயில் சாமியார், சாகிறவர்களுக்குப் பூசுகிற பரிசுத்த எண்ணெய்ச் சிமிழோடு வந்தார். சொல்தா வீட்டம்மா மெழுகுவர்த்தி ஏற்றினாள். காதர் பாய் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து கதவோரம் நின்றார்.

சாகிறவன் மனசில் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. சாமியார் எண்ணெய் தொடுவதற்கு முன்னால் உன் அம்மாவைக் கிட்டே கூப்பிட்டேன். எழுத்துக் கோணலுக்கு நடுவில் சொல்கிறேன் என்றேனே, அந்தக் காரணம் இதுதான், சேவியர். உனக்கு இது இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது. அன்றைக்கு அவளிடம் சொன்னதை இன்றைக்கு உன்னிடம் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெண் பார்க்க வந்தபோது ஐந்தாவது படித்தவன் என்று சொன்னது பொய். தினமும் காதர் பாய் கடையில் பேப்பரை விரித்துப் பிடித்தேனே, அதில் படம் மட்டும்தான் பார்த்தேன். கையெழுத்து மட்டும் ஒரு கோலம் மாதிரி மனப்பாடம்.

உன் அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இதுக்கா இவ்ளோ இழுவை? எனக்குக் கல்யாணம் ஆன மூணாம் மாசமே தெரியும்."

"எப்படி?"

"சாமான் வாங்க சீட்டு எழுதிக் குடுப்பேன்ல? நீ எப்பவும் அதே கத்தரிக்கா, அதே தக்காளிதான் வாங்கியாருவ. ஒரு நாள் சீட்டுல 'கத்தரிக்காய் வேண்டாம்'னு ஒத்த வரிதான் எழுதினேன். ரெண்டு கிலோ வாங்கியாந்து, சீட்டுல இருந்தது எல்லாம் வாங்கிட்டேன்னு சொன்னியே!"

சாமியார் எண்ணெய்ச் சிமிழைப் பிடித்தபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அப்போதுதான் காதர் பாய் கதவோரத்தில் இருந்து கேட்டார்.

"சாமி, ஒரு நிமிசம். யோவ், நீ டீ குடிச்சி எத்தினி நாளாவுது?"

"புதன்கிழமையிலேர்ந்து பாய். சுத்தமா வுட்டுட்டேன்."

"அடப்பாவி! நாளுக்குப் பதினாறு டீ குடிக்கிறவன் ஒரே நாள்ல நிறுத்துவானா? நாங்க நோன்பு வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஒண்ணு ஒண்ணா கொறைச்சிக்கினு வருவோம்யா. இல்லாங்காட்டி மொத நாளே தலை ரெண்டா பொளந்துடும். சாமி, இவனுக்கு எண்ணெய் வேணாம். அரை கிளாஸ் டீ போதும்."

தபசு காலத்தில் எடுத்த தீர்மானத்தை உடைக்கலாமா என்று உன் அம்மா கேட்டாள். உயிர் காக்க உடைக்கலாம் என்று சாமியார் சொன்னார். காதர் பாய் ஓடிப்போய் அரை கிளாஸ் கொண்டு வந்தார். குடித்து அரை மணி நேரத்தில் நான் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றேன். சொல்தா வீட்டம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றம். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்து மீதியை வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

அந்த வருஷம் காதர் பாய் கணக்குப்படி வாரத்துக்கு இரண்டு டீ குறைத்தேன். மார்க்கெட் மரியாதைக்கு அவரே ஒரு வழி பண்ணினார். கடைக்காரர்கள் சொல்லும் டீயில் பாதியை எனக்கு அவித்த கடலையாகவும் மோராகவும் கொடுத்தார். அம்மா காலையில் பழைய சோறும் தயிரும் ஒரு கைப்பிடி போட்டுத்தான் வெளியே விட்டாள். சில மாதத்தில் பதினொரு மணிக்கு வருகிறது வரவில்லை. முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். நெஞ்சு அடித்தது டீயால்தான், ஆனால் அடிக்கிற நெஞ்சுக்குள் ஒரு நிஜமான பயமும் இருந்தது. படிக்காதவன் என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம். டீ குறைந்த பிறகுதான் அது தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தது. அது ஒன்றும் கன்னியாஸ்திரி மேல் விழுகிற பூசணிக்காய் அளவு பெரிதாகவும் இல்லை. உன் அம்மாவிடம் சொன்னதில் முக்கால்வாசி கரைந்துவிட்டது. மீதிக் கால்வாசியை உனக்காக வைத்துக்கொண்டேன், அதுதான் என் முட்டாள்தனம்.

இங்கே இரண்டாவது நிறுத்தம். முட்டை. அவித்தது மூன்று இருக்கிறது. ஒன்றைச் சாப்பிடு. வாசனைக்குப் பக்கத்து சீட்டுக்காரர் முகம் சுளித்தால் அவருக்கு ஒன்று கொடு, அதற்காகத்தான் மூன்று. பிறகு ஒரு வாழைப்பழம்.

இரண்டாவது தடவைக்கு அப்புறம் உன்னை மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோமே, அதை நினைத்துப் பார். அவர் பயத்தைப் பற்றிக் கேட்பார் என்று நீ தயாராகப் போனாய். அவர் காலையில் என்ன சாப்பிடுவாய் என்று கேட்டார். "நார்மலாதான் மேடம்" என்றாய். அவர் விடவில்லை, ஒவ்வொரு மணிக்கும் என்ன என்று கேட்டார். காலையில் ஒன்றும் இல்லை. பத்து மணிக்கு மிஷின் காபி இரண்டு. ஒரு மணிக்கு ஒரு பப்ஸ். நாலு மணிக்கு காபி. வேலை மிச்சம் இருந்தால், தூக்கம் வராமல் இருக்கக் குடிக்கிற அந்த எனர்ஜி டிரிங்க் டின். ராத்திரி பத்து மணிக்கு பரோட்டா. நீ சொல்லச் சொல்ல உன் அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். டீக்குப் பதில் டின், அவ்வளவுதான் வித்தியாசம். உன் மூக்கு என் மூக்கு மாதிரி என்று எல்லாரும் சொல்வார்கள், நான் நம்பியதில்லை. அன்றைக்குத்தான் நீ என் மகன் என்று சந்தேகமில்லாமல் உறுதியானது.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். "சாப்பாடு மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன் தம்பி. ஆனா காலி வயித்துல இவ்வளவு காபி, அந்த டின், தூக்கமும் இல்ல. ஒடம்பு தானா படபடக்கும். ஒடம்பு படபடத்தா மனசு சும்மா இருக்காது, யாரு காரணம்னு சுத்திப் பாக்கும். அந்த நேரத்துல கண்ணுல எது படுதோ அது மேல பழியப் போட்டுடும். உங்களுக்குக் காலாப்பட்டு மாட்டிக்கிச்சு." எனக்கு மார்க்கெட் கூரை மாட்டியது போல என்று நான் நினைத்துக்கொண்டேன். காபியை மெதுவாகக் குறைக்கச் சொன்னார், காதர் பாய் சொன்ன மாதிரியே. நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார். கீரை, பருப்பு, மீன், தயிர் என்று அவர் சொன்னதெல்லாம் அம்மா சமையல்தான். அதோடு, மாத்திரையை நீயாக நிறுத்தக் கூடாது, சென்னையில் பேசிப் பார்க்கிற டாக்டரிடம் மாதத்துக்கு இரண்டு முறை போக வேண்டும் என்றார். இதையும் இட்லி மாதிரியே நினைத்துக்கொள். இட்லி சாப்பிட்டால் டாக்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயிறு காலியாக இருக்கும்போது சின்ன பயத்துக்கும் பெரிய தொண்டை வந்துவிடுகிறது, அதுதான் நான் கண்டது.

இப்போது உனக்காக வைத்துக்கொண்ட அந்தக் கால்வாசி. போன வருஷம் இடுப்பு வலி வந்து மூட்டை தூக்குவதை விட்ட பிறகு, சாயங்காலம் ஜெபக் கூட்டத்துக்குப் போகிறேன் என்று உன்னிடம் போனில் சொல்வேன் அல்லவா? ஜெபக் கூட்டம் இல்லை, பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. ஒன்பது பேர். என்னைத் தவிர எல்லாரும் பெண்கள். எல்லாரும் என்னைவிட வேகம். ஆனால் சேவியர், அந்தச் சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்! வீட்டுக்கு நடந்து வரும்போது கடைப் பலகைகள் எல்லாம் என்னோடு பேச ஆரம்பித்தன. இத்தனை வருஷம் அவை பாட்டுக்குப் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. பல் டாக்டர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த கடை, போட்டோ ஸ்டூடியோ. உள்ளே இருக்கிறவர்கள் எதற்கு அப்படிச் சிரிக்கிறார்கள் என்று பத்து வருஷமாக யோசித்திருக்கிறேன்.

நன்றாகப் படிக்க வந்ததும் முதலில் என்ன படித்தேன் தெரியுமா? டிரங்குப் பெட்டியில் இருந்த உன் மதிப்பெண் அட்டைகள். நீ கொண்டு வந்து நீட்டும்போது நான் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ம், இன்னும் நல்லா படிக்கணும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவேன். எல்லா அட்டைக்கும் அதே வசனம். அதுதான் ஆபத்தில்லாத வசனம் என்று நினைத்தேன். இப்போது பார்க்கிறேன், ஆறாவது அரையாண்டுப் பரீட்சையில் நீ வகுப்பிலேயே முதல். ஆசிரியை 'மிக நன்று, பெற்றோர் பெருமைப்படலாம்' என்று எழுதியிருக்கிறார். அந்த அட்டைக்கும் நான், இன்னும் நல்லா படிக்கணும் என்றுதான் சொன்னேன். நீ போய்ப் படுத்துக்கொண்டாய். அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. எவ்வளவு செய்தாலும் போதாது என்று நீ அடித்துப்பிடித்து ஓடுவதில், சாப்பிடக் கூட நேரமில்லாமல் வேலை செய்வதில், என் வசனத்துக்கும் பங்கு இருக்கிறதோ என்று அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். பதினைந்து வருஷம் தாமதமாகச் சொல்கிறேன். மிக நன்று, சேவியர். அப்பா பெருமைப்படுகிறேன்.

நாளைக்கு ஆபீஸில் மஞ்சள் காமாலை எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். அந்தப் பொய் என்னுடையது, அதை நீ சுமக்க வேண்டாம். உன் மேலே இருக்கிறவர் ஒருவரிடமாவது உண்மையைச் சொல். எனக்கு மூன்றாம் மாசமே தெரியும் என்று உன் அம்மா மாதிரி அவர் சொன்னாலும் சொல்வார்.

இந்தக் கடிதம் ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்பாய். பஸ் ஸ்டாண்டிலிருந்து காலாப்பட்டு வரை எவ்வளவு எழுத்து பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் நானே இதை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிப் படித்துப் பார்த்தேன். காலாப்பட்டு வந்தபோது நான் கீழாநெல்லியில்தான் இருந்தேன். என் வேகம் உன் வேகம் ஆகுமா? அடுத்த நாள் காதர் பாயை ஏற்றி உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். அவருக்குச் சத்தமாகப் படித்துத்தான் பழக்கம். சாமியார் எண்ணெயோடு வந்த இடத்தில் முன் சீட்டு அம்மா கோட்டக்குப்பத்தில் இறங்க மறந்துவிட்டாள். கண்டக்டர் டிக்கெட் கொடுக்காமல் நின்று கேட்டார். ஆனாலும் காலாப்பட்டுக்கு முன்னால் பொம்மையார்பாளையத்திலேயே கடிதம் முடிந்துவிட்டது. அதனால்தான் இட்லியையும் முட்டையையும் நடுவில் சேர்த்தேன். அதுவும் போதாமல் மதிப்பெண் அட்டையை எழுதினேன். அதை எழுத வேண்டாம் என்றுதான் முதலில் இருந்தேன். காலாப்பட்டுக்கு இன்னும் ஒரு பக்கம் தேவைப்பட்டது, உண்மையைத் தவிர என்னிடம் வேறு சரக்கு இல்லை.

இன்னொன்று. முழங்கால் வலிக்கிறது, பஸ் ஸ்டாண்டுக்கு வர முடியாது என்று பூசை முடிந்ததும் சொன்னேன் அல்லவா? முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. உனக்கு முந்தின பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன். காலாப்பட்டு ஸ்டாப்பில்தான் நிற்கிறேன். மீன்கார அம்மாவும் இருப்பாள். நீ இறங்கினால் உன்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவேன், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். அம்மா வஞ்சிர மீன் குழம்புக்கு நம் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் புளி கரைத்திருக்கிறாள். வேலை போனால் வேறு வேலை. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆனால் இந்த வரியை நீ பஸ்ஸில் படிக்கிறாய் என்றால், இறங்கவில்லை என்று அர்த்தம். ரோட்டோரம் ஒரு கிழவன் வாழைப்பழச் சீப்போடு எட்டி எட்டி ஜன்னல் ஜன்னலாகப் பார்த்திருப்பான், நீ தலை குனிந்து எதையோ படித்துக்கொண்டே போயிருப்பாய். கையைக் காட்டியிருக்க மாட்டேன், கூப்பிட்டிருக்கவும் மாட்டேன். என் மகன் என் எழுத்தைப் படித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகிறதைப் பார்க்கத்தானே நான் அங்கே போய் நின்றேன்.

இப்போது தலையைத் தூக்கி வெளியே பார். எந்த ஊர் என்று எனக்கு எழுது. போன் பண்ணிச் சொல்லிவிடாதே, எழுது. நான் படித்துக்கொள்கிறேன்.

மரக்காணத்தில் பஸ் நின்றால் ஒரு டீ குடிக்கலாம். ஒன்றுதான். மூன்றாவது முட்டையைச் சாப்பிட்ட பிறகு.

உன் அப்பா
(இது கோலம் இல்லை. எழுத்து எழுத்தாக நானே எழுதியது.)